ஆள்வோரும் வாதமேடையும்

1873 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பாணந்துறையில் நிகழ்ந்த பௌத்த-கிறித்தவ சமயவாதம் இலங்கை வரலாற்றில் நன்கறியப்பட்டதொன்று. அதிற் பௌத்தர் சார்பில் வாதிட்ட மீகெட்டுவத்தே குணானந்த தேரர் கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமய விகாரையைச் சேர்ந்தவர். ஆட்சியாளரின் சமயத்தைச் சார்ந்தோரும் மறுதரப்பாரும் மக்கள் முன்னிலையில் நேரவரையறைக்குட்பட்டு வாதிட்டனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. அந்நெறி இந்நாட்டுத் தேர்தல் அரசியலில் இன்னும் வேரூன்றவில்லை.

2024 செப்டெம்பர் 21 ஆந் திகதி நடைபெற்ற சனாதிபதித் தேர்தலுக்கு முன்னர் விவாதமொன்று பற்றிப் பெரிதும் பேசப்பட்டது. ஆயின், அஃது எதிரணியினரான சஜித் பிரேமதாசவுக்கும் அநுர குமார திசாநாயக்கவுக்கும் இடையிலானது. நாட்கள் முன்மொழியப்பட்டும் அது நடந்தேறவில்லை. உண்மையில், முதற்கண் விடையளிக்க வேண்டியவர் பதவியிலிருந்தவாறே போட்டியிட்ட ரணில் விக்கிரமசிங்க அல்லரோ? அவ்வாண்டு சனவரி 1 முதல் பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. வெள்ளவத்தைக் கடைகளிற் பொருள் வாங்குவோர் சுமந்த அவ்வரிக்கு மாற்றுவழி இருந்ததா என்பது ஆள்பவரை நோக்கிய வினா. எதிரணியினர் இருவர் தம்முள் வாதிடுவதால் அதற்கு விடை கிடைத்துவிடாது.

ஆள்வோர் தரப்பிற் கூறத்தக்க நியாயங்கள் இரண்டு. செயல்களே சான்று என்பது ஒன்று. ஆனால், எச்செயலை எடுத்துக்காட்டுவது, எதனை மறைப்பது என்பதை ஆள்வோரே தீர்மானிக்கும்போது அச்சான்று ஒருபக்கமானதாகிவிடுகிறது. நாவன்மை ஆட்சித்திறனாகாது என்பது மற்றொன்று. இதில் உண்மை உண்டு. எனினும், மறுப்பாரற்ற பொதுக்கூட்டத்திலேயே நாவன்மை கட்டின்றி ஆட்சி செய்கிறது. எதிர்வினா அதனைக் கட்டுப்படுத்தும். அமெரிக்காவில் 1960 இன் பின்னர் பதினாறு ஆண்டுகள் சனாதிபதி வேட்பாளரிடையே தொலைக்காட்சி விவாதம் நிகழவில்லை. 1976 இல், பதவியிலிருந்த ஜெரால்ட் ஃபோர்ட் ஜிம்மி காட்டரை எதிர்கொண்டார். கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என அவர் கூறியது அங்கேயே வினாவுக்குள்ளாயிற்று.

இலங்கையில் மேலுமொரு நிபந்தனை இன்றியமையாதது. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சிங்களத்தில் மாத்திரம் நிகழும் விவாதத்தைக் கொட்டாஞ்சேனைத் தமிழ் வாக்காளர் மறுநாட் செய்தியாகவே அறிவர். வினவும் வாய்ப்பு அவர்க்கில்லை. ஆதலின், ஆள்வோர் வாதமேடைக்கு வருவது கடமையாதல் வேண்டும். அம்மேடையில் தமிழில் எழும் வினாவுக்கும் விடை கூறப்படும்போதே அக்கடமை நிறைவெய்தும்.