மழைக்கால உழவர் சந்தை: எப்படி ரசிப்பது?

ஐப்பசி பிறந்து நாலு மழை இறங்கியதும் உழவர் சந்தையின் முகம் மாறிவிடும். கோடையில் எந்தக் கிழமை போனாலும் ஏறக்குறைய அதே காய்கள்தான். மழை தொடங்கிவிட்டால் அப்படியில்லை. நேற்றுக் குவிந்து கிடந்தது இன்று கண்ணில் படாது. போன வாரம் தேடியும் கிடைக்காதது இன்று மூலைக்கு மூலை மலிந்திருக்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் பெய்துவிடுகிறது. அந்த மழை எந்தத் தோட்டத்தில் என்ன செய்தது என்பதைக் காயாகவும் கீரையாகவும் கண்முன்னே பார்க்கக் கிடைக்கும் இடம் இது. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் சந்தைக்குப் போகிறவர்கள் பையை எடுத்துக்கொண்டு, வாங்கவேண்டிய பட்டியலை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

உழவர் சந்தை பிறந்ததும் ஓர் ஐப்பசிக் கடைசியில்தான். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி முதல் சந்தையைத் திறந்துவைத்தார். இதே போன்ற சந்தைகளான பஞ்சாபின் ‘அப்னி மண்டி’யும் ஆந்திரத்தின் ‘ரைத்து பஜாரு’ம் அதற்கு முன்பே இருந்தவை. உழவர் சந்தையில் இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்க வேண்டும் என்பது விதி. நிலத்தையும் பயிரையும் அதிகாரிகள் பார்த்த பிறகே புகைப்படத்தோடு அடையாள அட்டை கிடைக்கும். கடைக்கு வாடகை இல்லை. தராசும் சந்தையிலேயே கொடுக்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் நிற்கவேண்டிய இடம் விலைப்பலகை. பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி தினமும் காலையில் விலை வைப்பது இங்கே வழக்கம். மழைக்காலத்தில் இந்தப் பலகை சுவையான வாசிப்பு. தக்காளி திடீரென்று ஏறியிருந்தால், விளையும் ஊர்களில் மழை விடாமல் பெய்து பழம் வெடித்தோ அழுகியோ போயிருக்கிறது என்று பொருள். 2021 நவம்பர் மழையில் தமிழ்நாட்டில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கலாம். முருங்கைக்காய் ஏறியிருந்தால் மழையிலும் குளிரிலும் பூ நிற்கவில்லை. அந்த இரண்டையும் அன்றைக்கு விட்டுவிட்டு, பலகையில் இறங்கியிருப்பது எது என்று பார்ப்பதே கெட்டிக்காரத்தனம்.

இறங்கியிருப்பது பெரும்பாலும் அவரை. இந்தப் பருவத்தின் ராஜா அதுதான். ஆடியில் விதைத்த நாட்டு அவரை, பகல் நீண்டிருக்கும்வரை கொடியும் இலையுமாகவே ஓடும். பகல் குறுகத் தொடங்கிய பிறகுதான் பூக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செடி அவரை ரகங்கள் எந்தப் பருவத்திலும் காய்ப்பதால் கடைகளில் ஆண்டு முழுக்க அவரை உண்டு. ஆனாலும் ஓரத்தில் ஊதாக் கரை ஓடிய பந்தல் அவரையின் ருசி வேறு. ஒரு காயை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே விதை நிழலாகத் தெரியும். நிழல் சின்னதாக இருந்தால் பொரியலுக்கு. புடைத்திருந்தால் உரித்துக் குழம்புக்கு. ஊசி குத்தியது போல ஓட்டை இருந்தால் உள்ளே புழு. நுனியைக் கிள்ளிய விரலை முகர்ந்து பார்க்க வேண்டும். லேசாக ஒட்டிக்கொண்டு பச்சை வாசம் அடிக்கும். அந்த வாசம் பனி விழ விழக் கூடும் என்பது அவரை விளைவிப்பவர்களின் சொல்.

அடுத்தது பச்சை நிலக்கடலை. மானாவாரியில் ஆடிப்பட்டத்தில் போட்டது இப்போதுதான் பிடுங்கப்பட்டு வருகிறது. மண் ஒட்டியிருக்கிறதே என்று முகம் சுளிக்க வேண்டாம், புதுசு என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஒன்றை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பார்க்கலாம். வெள்ளை வெளேரென்று இருந்தால் பிஞ்சு. பழுப்பும் கருப்புமாகக் கறை படிந்திருந்தால் நன்கு முற்றியது. இரண்டும் கலந்து வாங்கிக் கல்லுப்புப் போட்டு அவித்தால் சாயங்காலத்துக்கு வேறு பலகாரம் தேவையில்லை.

சீத்தாப்பழம் முடியப்போகும் நேரம் இது. கண்களுக்கு நடுவே உள்ள பள்ளம் விரிந்து வெளிர் மஞ்சளாகத் தெரிந்தால் கல்லுப்போல இருந்தாலும் வாங்கலாம், அரிசிப் பானைக்குள் வைத்தால் பழுத்துவிடும். பள்ளம் பச்சையாகவே இருந்தால் பழுக்காமல் கருகிப்போகும். நெல்லிக்காய் இனிமேல்தான் களைகட்டும்.

கீரைக்காரர்களுக்கு இது கஷ்ட காலம். நேற்றைய மழையின் மண் இலையின் அடிப்பக்கமெல்லாம் தெறித்திருக்கும். கட்டின் நடுவே விரலை விட்டுப் பார்த்தால் ஈரம் தெரியும். அதை அப்படியே வைத்தால் மாலைக்குள் அழுகிவிடும். வேரோடு வாங்கி, வீட்டில் கட்டைப் பிரித்து நிழலில் உலர்த்துவதே வழி. தூதுவளை, முசுமுசுக்கை, இளம் பிரண்டை ஆகியவற்றைச் சின்னச் சின்னக் கூறாக வைத்திருக்கும் பாட்டிகளைத் தேடிப் போகத் தோதான நாட்கள் இவை. சளிக்குத் துவையலும் ரசமும் வைக்க இதைவிடப் பொருத்தமான காலம் வேறில்லை.

சந்தையின் அரைவாசி ருசி பேச்சில் இருக்கிறது. கோவை ஆர்.எஸ். புரத்திலோ சிங்காநல்லூரிலோ, “அக்கா, நேத்து ஏன் வரலை?” என்று கேட்டால், “எங்கீங்க, தோட்டத்துக்குள்ள கால் வெக்க முடியல, ஒரே சேறு” என்று பதில் வரும். சேற்றில் இறங்கி, ஈரக் கொடியில் கை விட்டுப் பறித்து, விடியுமுன் பஸ் ஏற்றிக் கொண்டுவந்தவரிடம் பலகை விலைக்கும் கீழே பேரம் பேசுவது அழகல்ல. விடிந்ததும் போய்விட வேண்டும். ஒன்பது மணிக்குமேல் போனால் பொறுக்கிப் போட்ட மிச்சம்தான்.

கிளம்பும் முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “அடுத்து உங்க தோட்டத்துல என்ன வருதுங்க?” மார்கழியில் பச்சை மொச்சை என்பார் ஒருவர். தைக்கு மஞ்சள் கொத்து என்பார் இன்னொருவர். தெற்கே திருநெல்வேலி, தென்காசிப் பக்கமானால் சிறுகிழங்கு, பனங்கிழங்கு. எந்த வாரம் வரும் என்று கேட்டு, நமக்கு ஒரு கிலோ எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வரலாம்.