பானட்டில் சாய்ந்து நிற்கும் அண்ணி

அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகன் ஊருக்கு வந்திருந்தபோது எல்லோருமாக ஜவ்வாது மலைக்குப் போனோம். பீமன் அருவியில் குளித்துவிட்டு, ஜமுனாமரத்தூரில் சாப்பாட்டுக்குக் காத்திருந்த நேரத்தில் அண்ணன் போனை எடுத்துத் தன் காரைக் காட்டினார். 1965 மஸ்டாங். சிவப்பு. ஏரிக்கரையில், பனியில், பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் என்று நாற்பது படங்களாவது இருக்கும்.

படங்கள் அழகானவைதான், அதை மறுக்கவில்லை. நீண்ட முன்பக்கமும் குட்டையான பின்பக்கமும் கொண்ட அந்த வண்டி நிற்கும்போதே ஓடுவதுபோல் இருக்கிறது. ஆனால் அண்ணன் தனக்கு மிகவும் பிடித்தது என்று எடுத்துக்காட்டிய நான்கிலும் அண்ணி பானட்டில் சாய்ந்து நிற்கிறார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு படத்திலும் இல்லை.

"மத்த படத்தையெல்லாம் யார் எடுத்தது அண்ணி?"

"நான்தான். அந்த நாலு மட்டும் அவர் எடுத்தது."

கார்க்காரர்களின் ஆல்பத்தை இப்படித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. பெண் படத்துக்குள் இருந்தால் அலங்காரம், வெளியே இருந்தால் பெயரில்லாத கேமரா. வண்டி விளம்பரங்கள் பல பத்தாண்டுகளாகப் பழக்கிவைத்த பார்வையைத்தான் சொந்தக்காரர்களும் எடுத்துக்கொள்கிறார்கள், அது தங்களுடைய ரசனை என்றே நம்பிக்கொண்டு.

இந்த வண்டிகளின் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. மஸ்டாங் உலகுக்கு அறிமுகமான நாள் 1964 ஏப்ரல் 17. அதற்கு இரண்டு நாள் முன்பே சிகாகோவில் ஒரு மஸ்டாங்கை வாங்கி ஓட்டிக்கொண்டு போனவர் கெயில் வைஸ். 22 வயதுப் பள்ளி ஆசிரியை. அமெரிக்காவில் முதலில் விற்பனையான மஸ்டாங் அதுதான் என்கிறார்கள். 1956இல் டேடோனா கடற்கரை வேகச் சோதனையில் கார்வெட் ஓட்டியவர் பெட்டி ஸ்கெல்டன். 1958இல் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு கார்வெட்டைத் தன் கற்பனைப்படி வடிவமைத்தவர் ரூத் க்ளென்னி. அவரையும் அவருடன் வேலைசெய்த பெண்களையும் நிறுவனம் விளம்பரத்தில் 'டிசைன் அழகிகள்' என்ற ரீதியில்தான் அழைத்தது. வடிவமைத்தவளையும் பானட்டில்தான் சாய்த்துவைத்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

சாப்பாடு வரும்வரை எனக்கு வேறொரு கார் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. இதே மலையைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, 2023 நவம்பரில் பிள்ளை பெற்ற இரண்டொரு நாளில், பச்சை உடம்போடு ஒரு காரில் சென்னை வரைக்கும் போய் உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுதினார். தேறினார். ஏறத்தாழ 200 கிலோமீட்டர். தையல் வலியோடு உட்கார்ந்து போனவர்களுக்கு அந்தத் தூரம் எவ்வளவு என்று தெரியும். அந்தக் கார் என்ன மாடல் என்று யாரும் விசாரிக்கவில்லை. எனக்கு ஒரு கார்ப்படம் வேண்டுமென்றால் அந்தக் காரின் பின்சீட்டைத்தான் கேட்பேன்.

இறங்கும்போது அண்ணியிடம் மஸ்டாங்கை ஓட்டியிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"கிளட்ச் போயிடும்னு தரமாட்டார்" என்றார். பத்து வருடமாகத் தினமும் நாற்பது மைல் ஹைவேயில் ஓட்டி வேலைக்குப் போய்வருகிறவர். அந்த வண்டிக்கு ஒரு படம்கூட இல்லையாம்.