முந்த வேண்டியதில்லை

இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் நடுவே சோலன்ட் நீரிணை. கோடையில் கௌஸ் பாய்மரப் பந்தயம் நடப்பது அங்கேதான். இளமையெல்லாம் அதில் விரைந்தவர்கள் வயதான பிறகு அதே நீரில் உலாப் போவதைப் பார்க்க வேண்டும். விளிம்பில் உட்கார்ந்து சாய்வைச் சமாளிக்கும் ஆட்கள் இல்லை; “ஸ்டார்போர்ட்!” என்று வழிவிடச் சொல்லும் அதட்டலும் இல்லை. ஆனால் கைப்பழக்கம் போகவில்லை. பாயில் ஒட்டிய கம்பளி இழைகள் இருபுறமும் ஒன்றுபோல் பின்னோக்கிப் பறக்கின்றனவா என்று கண் தானாகப் போகிறது. பாயின் ஓரம் லேசாகப் படபடத்தால் போதும், பேச்சை நிறுத்தாமலே கயிற்றை இரண்டு விரற்கடை இழுத்துவிடுகிறார்கள். (பக்கத்தில் வேறு படகு வந்தால் நாலு விரற்கடை, பழைய புத்தி!)

எனக்குப் பிடித்தது நங்கூரம் போடும் நேரம். வைட் தீவின் நியூடவுன் ஓடைக்குள் ஏறுநீரோடு நுழைந்து, ஆழத்தைப்போல் நான்கு மடங்கு சங்கிலியை நிதானமாக விட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார்கள். நங்கூரம் வழுக்கினால் கரகரவென்று அதிரும். சேற்றைக் கவ்விவிட்டால் அதிர்வு நின்றுபோகும். பிறகுதான் தேநீருக்குத் தண்ணீர் அடுப்பில் ஏறும். பந்தயத்தில் பிசகினால் கோப்பை போகும். இங்கே பிசகினால் நடுராத்திரியில் படகே நகர்ந்துவிடும். என்னைக் கேட்டால், இதற்குத்தான் கூடுதல் திறமை வேண்டும்.