நேப்பிள்ஸில் ஒரு காவேரிப்பாக்கத்துக்காரர்

சமீபத்தில் ஐரோப்பியப் பயண நூல்கள் நான்கை அடுத்தடுத்துப் படித்தேன். நான்கிலும் நேப்பிள்ஸ் வருகிறது. நான்கிலும் முதல் பத்தியில், 'நேப்பிள்ஸைப் பார்த்துவிட்டுச் செத்துப்போகலாம்' என்ற அந்த ஊர்ச் சொலவடை. இரண்டாவதில் வெசூவியஸ் எரிமலை. மூன்றாவதில் பீட்ஸா, அதாவது 1889-ல் ராணி மார்கரீட்டாவுக்காகக் கொடியின் மூன்று நிறத்தில் செய்துகொடுத்த கதை. நான்காவதில் சைவச் சாப்பாட்டுக்குப் பட்ட பாடு. அப்புறம் பஸ் ஏறிப் பாம்பெய். அட்டைகளைக் கிழித்துவிட்டுக் கலைத்துப் போட்டால், எது யார் எழுதியது என்று அவரவர் மனைவிகூடக் கண்டுபிடிக்க முடியாது.

குற்றம் சொல்வது சுலபம்தான். மூன்று நாள் டூரில் என்னத்தைப் பார்த்து என்னத்தை எழுதுவது? வழிகாட்டி குடையைத் தூக்கிப் பிடித்து முன்னால் ஓடுகிறார். பின்னால் நாற்பது பேர். இப்போது மாதத் தவணையில் ஐரோப்பா கிடைக்கிறது. கிடைக்கட்டும், நல்லதுதான். என் வருத்தம் வேறு. இந்த நால்வரும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு, தங்கள் கண்ணை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஏ.கே. செட்டியார் 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதியபோது தன்னைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆனாலும் காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி உலகம் முழுக்க அலைந்த அந்த மனிதரின் பார்வை எழுத்தில் தெரியும். எதையோ தேடிப் போனவருக்கு மற்றதும் கண்ணில் பட்டது. நம் நால்வரும் எதையும் தேடிப் போகவில்லை. பட்டியலில் இருந்ததை டிக் அடித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

இதை எனக்குப் புரியவைத்தவர் எழுத்தாளர் இல்லை. காவேரிப்பாக்கத்துக்காரர். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் சூபர்வைசர். மிலானில் நடக்கும் லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்கு முதலாளி அழைத்துப் போனபோது, மிச்சமிருந்த இரண்டு நாளில் ரயில் ஏறி நேப்பிள்ஸ் பார்த்துவிட்டு வந்தவர். அவர் ஊர் ஏரிக்கரையில் உட்கார்ந்து கதை கேட்டேன். பல்லவர் காலத்து ஏரி. மறுகரை கண்ணுக்கு எட்டாது. பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வர வேண்டும்.

"பாம்பெய்ல எல்லாம் அந்த பிளாஸ்டர் ஆளுங்களைப் பார்த்துக்கினு இருந்தாங்க சார். நான் டேனரி எங்க இருக்குதுன்னு விசாரிச்சிப் போயிட்டேன்."

"அங்கே டேனரி இருக்கா?"

"இருக்குதே! ஊரோட தெக்குப் பக்கம். கட்டின தொட்டிங்க, ரவுண்டு ரவுண்டா. பார்த்ததும் தெரிஞ்சிபோச்சி. எங்க தாத்தா ஆவாரம்பட்டை போட்டு ஊற வெச்ச காலத்துல இதே மாதிரிதான். நாங்க இப்போ குரோம்ல பண்றோம். மத்தபடி தொட்டி தொட்டிதானே?"

கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பல் மூடிய ஊர் பாம்பெய். சாம்பல் இறுகி, உள்ளே உடல்கள் மக்கி, உடல் வடிவில் வெற்றிடங்கள் நின்றன. 1863-ல் ஃபியோரெல்லி என்ற அகழ்வாராய்ச்சியாளர் அவற்றில் பிளாஸ்டரை ஊற்றி மனித உருவங்களை எடுத்தார். அவற்றின் முன்னால்தான் எப்போதும் கூட்டம். டேனரிப் பக்கம் போகிறவர்கள் குறைவு. என் நான்கு நூல்களில் ஒன்றிலும் அது இல்லை.

ஆனால் அந்த டேனரியில் கிடைத்த ஒரு பொருள் மூன்று நூல்களில் இருக்கிறது! நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிற மொசைக் சித்திரம். கொத்தனார் மட்டம் பார்க்கிற சட்டம். தூக்குக்குண்டு தொங்க வேண்டிய இடத்தில் ஒரு மண்டையோடு. அதன் கீழே பட்டாம்பூச்சி. அதற்கும் கீழே சக்கரம். சட்டத்தின் ஒரு கோடியில் செங்கோலும் ராஜ உடையும், மறு கோடியில் பிச்சைக்காரனின் தடியும் பையும். இரண்டு பக்கமும் ஒரே மட்டம்.

மூன்று ஆசிரியர்களும் இதைப் பார்த்ததும் நேராகப் பட்டினத்தாரிடம் போய்விட்டார்கள். நிலையாமை, ஆடி அடங்கும் வாழ்க்கை, இத்யாதி. தப்பில்லை. ஆனால் இது எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. டேனரியின் தோட்டத்தில், சாய்ந்துகொண்டு விருந்து சாப்பிடுகிற இடத்தில், மேஜையின் மேல்பலகையாக இருந்தது. இதைச் சொல்லாவிட்டால் பாதிச் சித்திரம்தான் சொன்னதாக அர்த்தம்.

நம்மவர் சொன்னார்: "முதலாளி சாப்பிட்ற டேபிள் சார் அது. பக்கத்துலயே தோல் ஊறிக்கினு இருக்கும். அந்த நாத்தத்துல குந்தினு, மண்டையோட்டு மேல தட்டு வெச்சி சாப்ட்டிருக்கான். செத்தா எல்லாரும் ஒண்ணுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. தொட்டில எறங்கினவன் கூலியை ஏத்தினானான்னு தெரியல."

கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு அங்க நிக்கும்போது ரெண்டாயிரத்துப் பதினஞ்சுதான் ஞாபகம் வந்திச்சி" என்றார்.

2015 ஜனவரி 31 அதிகாலை. ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் தொட்டிச் சுவர் உடைந்தது. கழிவுச் சேறு பக்கத்துத் தொழிற்சாலைக்குள் பாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதற்கு 19 வருஷம் முன்னால், 1996-ல், இதே பாலாற்றுத் தோல் ஆலைகள் வழக்கில்தான் கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிற தீர்ப்பு அது.

நூலாசிரியர்கள் மண்டையோட்டில் ஒரு தத்துவத்தைப் பார்த்தார்கள். இவர் ஒரு வேலையிடத்தைப் பார்த்தார். பார்த்ததற்கு எந்தப் படிப்பும் காரணமில்லை. முப்பது வருஷம் மூக்கில் ஏறிய வாசனைதான் காரணம். அதே தோல்தான் அவருக்குச் சோறு போட்டது, மிலானுக்கு டிக்கெட்டும் வாங்கிக்கொடுத்தது. அதனால் அவரால் சுலபமாகச் சபிக்கவும் முடியவில்லை, சும்மா ரசிக்கவும் முடியவில்லை. அந்தச் சங்கடம் ஒரு பத்தி நம் பயண நூல்களில் இருந்தால் போதும், மார்கரீட்டா ராணியை நான் மன்னித்துவிடுவேன்.

கண் இருந்தால் பாம்பெயில் எல்லோருக்கும் ஏதாவது இருக்கிறது. பாங்க்கில் வேலையா? ஜூகுண்டஸ் என்ற ஏலக்காரர் பெட்டியில் பூட்டி வைத்திருந்த கடன், வரவுக் கணக்குகள், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மரப்பலகைகளில். தேர்தல் வேலை பார்த்திருக்கிறீர்களா? 'இன்னாருக்கே ஓட்டு' ரகத்துச் சுவர் எழுத்துகள் தெருத் தெருவாக. பேக்கரி வைத்திருந்தால் திரிகைக் கற்கள், அடுப்பு, கரியாகிப்போன ரொட்டி. தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவரா? தெருமுனைக் குழாயடியில் கை ஊன்றி ஊன்றித் தேய்ந்த கல்லைத் தடவிப் பாருங்கள்.

இவரையும் நான் முழுக்க விட்டுவிடவில்லை. "உங்க ஊர்ச் சிற்பங்களைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"எந்தச் சிற்பம் சார்?"

காவேரிப்பாக்கத்தில் கிடைத்த, ஆயிரம் வருஷத்துக்கும் மேலான சிலைகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பல்லவர் கை கொஞ்சம், வடக்கேயிருந்து வந்த ராஷ்டிரகூடர் சாயல் கொஞ்சம். கலை வரலாற்றுக்காரர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லியே பேசுகிற சிற்பங்கள்.

"செத்த காலேஜ்லயா?" என்றார். சென்னைக்காரர்கள் அந்தக் காலத்தில் மியூசியத்துக்கு வைத்திருந்த பெயர். "ஸ்கூல்ல இட்டுக்கினு போனாங்க. திமிங்கலத்து எலும்புக்கூடு பார்த்தோம். வந்துட்டோம்."

ஆக, வேலை கொடுத்த கண்ணும் பாதிக் கண்தான். நான் மட்டும் என்ன வாழ்ந்தது? பெங்களூர் நெடுஞ்சாலையில் எத்தனை முறை போயிருப்பேன்! காவேரிப்பாக்கம் என்ற பச்சைப் பலகையைத் தாண்டியிருக்கிறேன், இறங்கியதில்லை. இந்த ஏரியைப் பார்க்க ஒருவர் நேப்பிள்ஸ் போய்த் திரும்பி வந்து கூப்பிட வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் எழும்பூர் போவதாக ஏற்பாடு. திமிங்கலத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்கிறோம்.