இடமறிந்து நிற்கும் எழுத்து

ஒடிசாவில் ‘ஈப்’ என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டே எழுத்து. ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணம் வரும் பாதையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இன்னொரு நிலையம்: வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டா. ஆங்கிலத்தில் 28 எழுத்து. பெயர்ப்பலகை எழுதியவருக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை. பெயருக்கேற்ற நீளத்தில் பலகையைச் செய்துகொள்ளலாம். டிக்கெட் எடுக்கும் செயலியை வடிவமைப்பவருக்கு அந்த வசதி கிடையாது. கைபேசித் திரையின் அகலம் ஈப்புக்கும் அதேதான், வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டாவுக்கும் அதேதான். நிலையங்களின் பட்டியலில் இரண்டும் ஒரே பட்டையில் நிற்க வேண்டும். நின்றால் மட்டும் போதாது; இரண்டுமே அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் தெரிய வேண்டும்.

செயலி எழுதுவோர் அந்தப் பட்டையை லேபிள் என்பார்கள். பட்டன்மேல் உள்ள சொல், பட்டியலில் ஒரு வரி, படத்துக்குக் கீழே ஒரு பெயர், கட்டவேண்டிய தொகை, எல்லாமே லேபிள்தான். அதற்குள் எழுத்தைப் பொருத்துவது கடைநிலை வேலைபோலத் தோன்றும். எனக்கு அது ஒரு தேர்ந்த கைவினையாகவே படுகிறது. சரியாகச் செய்திருந்தால் யார் கண்ணிலும் படாது. கொஞ்சம் பிசகியிருந்தால், படிப்பறிவே இல்லாதவருக்குக்கூட ‘ஏதோ சரியில்லை’ என்று தோன்றிவிடும்.

இந்த வித்தைக்கு அச்சுலகில் முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் தன் நூற்றாண்டையொட்டி, டெலிபோன் டைரக்டரிக்கென்று ஒரு புதிய எழுத்துருவை மாத்யூ கார்ட்டரிடம் கேட்டது. 1978-ல் பிறந்தது பெல் சென்டினியல். ஆறு பாயின்ட் அளவு, மட்டமான காகிதம், அதிவேக அச்சு, பரவி ஓடும் மை: இத்தனைக்கும் ஈடுகொடுக்க வேண்டும். பெயரும் முகவரியும் எண்ணும் ஒரே வரியில் அடங்க வேண்டும். மடிந்து அடுத்த வரிக்குப் போனால் பிரதிக்குப் பிரதி காகிதம் வீண். கோடுகள் சந்திக்கும் மூலைகளில் கார்ட்டர் சிறு வெட்டுகள் வைத்தார். பெரிதாக்கிப் பார்த்தால் அந்த எழுத்துகள் மூளியாகத் தெரியும். அச்சில் மை கசிந்து அந்த வெட்டுகளை நிரப்பியதும் எழுத்து தெளிவாக எழுந்து நிற்கும். இடத்தை மிச்சப்படுத்த, இருக்கிற எழுத்தைச் சுருக்குவது மட்டுமே வழியல்ல, சிறிய அளவுக்கென்றே ஓர் எழுத்தை வார்க்கலாம் என்று காட்டிய வேலை அது.

ஆப்பிள் நிறுவனம் 2014-ல் கைக்கடிகாரத்துக்காக வெளியிட்டு, 2015-ல் ஐபோனுக்கும் கொண்டுவந்த சான் ஃபிரான்சிஸ்கோ எழுத்துரு அதே வழியில் வந்தது. அதில் இரண்டு வார்ப்புகள் இருந்தன: 19 பாயின்ட் வரை ஒன்று, 20 முதல் மற்றொன்று. சிறியதில் எழுத்துகள் விலகி நிற்கும், உள்வெளிகள் திறந்திருக்கும். பெரியதில் நெருங்கி நிற்கும். கடிகாரத்துக்கான வகையில் வட்ட எழுத்துகளின் பக்கங்களைத் தட்டையாக்கினார்கள். எழுத்துக்கு எழுத்து கொஞ்சம் கூடுதல் வெளி கிடைத்தது. மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே வரும் முக்காற்புள்ளி வழக்கமாக எழுத்தின் அடிக்கோட்டில் உட்கார்ந்திருக்கும். எண்களுக்கு நடுவே எண்களின் மையத்துக்கு ஏறிக்கொள்ளும். இவ்வளவு நுணுக்கமும் விரலகலக் கண்ணாடியில் நேரம் பார்ப்பதற்காக.

சரி, சொல் பெட்டியைவிட நீளமாகிவிட்டால்? ஐபோன் நிரலாளருக்கு ஒரு கட்டளை இருக்கிறது: ‘அட்ஜஸ்ட்ஸ் ஃபான்ட் சைஸ் டு ஃபிட் விட்த்’. அந்தப் பெயரே எந்த லேபிளிலும் அடங்காது. அதை இயக்கிவிட்டால், சொல் அடங்கும்வரை எழுத்து சுருங்கிக்கொண்டே போகும். எதுவரை சுருங்கலாம் என்று வரம்பு கட்டலாம். பாதிவரை என்று தாராளம் காட்டினால், 17 பாயின்ட் எழுத்து எட்டரைக்கு இறங்கிவிடும். ஆண்ட்ராய்டில் இதே வசதி 2017-ல், எட்டாம் பதிப்பில் வந்தது. எதுவும் சொல்லாமல் விட்டால் 12 முதல் 112 அலகு வரை அதுவாகவே ஓர் அளவைத் தேடிக்கொள்ளும்.

சோம்பேறிக்கு இது வரம். விளைவைப் பல செயலிகளில் பார்க்கலாம். ஒரே வரிசையில் மூன்று பட்டன்கள்: ‘சேமி’, ‘பகிர்’, ‘பதிவிறக்கு’. ஒவ்வொன்றும் தன் பெட்டிக்கேற்பத் தானாகச் சுருங்கியிருக்கும். முதல் இரண்டும் கொழுத்து நிற்க, மூன்றாவது நலிந்து கிடக்கும். சின்ன எழுத்தில் இருப்பது சின்ன விஷயம் என்று கண் முடிவு கட்டிவிடுகிறது. அங்கே நலிந்திருப்பதோ, வந்தவர் தேடிவந்த காரியம். கைதேர்ந்தவர், வரிசையிலேயே நீளமான சொல்லுக்கு ஓர் அளவு கண்டு மற்றவற்றையும் அதற்கு இறக்குவார். அந்த அளவு மிகச் சிறியது என்று தோன்றினால், பட்டன்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவார். அப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் முழு அகலமும் கிடைத்துவிடும்.

நெருக்கடி வரும்போது எதை முதலில் விட்டுக்கொடுப்பது என்பதில்தான் இந்தக் கலையின் தரம் தெரிகிறது. என் ரசனையில் வரிசை இது: முதலில் சொல்லைச் செதுக்கிப் பார்க்க வேண்டும். பிறகு பெட்டி அகலவோ இரண்டாம் வரிக்கு இடம்விடவோ வேண்டும். அப்புறம் எழுத்திடைவெளி. அதற்கும் பிறகே அளவு. வேறு வழியே இல்லையென்றால் வெட்டு. இவற்றில் இடைவெளியை நெருக்குவது மிக நாசூக்கான வேலை. 2015-ல் வந்த ஐஓஎஸ் 9, சொல்லை வெட்டுவதற்கு முன் எழுத்துகளைச் சற்றே நெருக்கிப் பார்க்கும் வசதியை நிரலாளருக்குக் கொடுத்தது. ஓரிரு எழுத்தகலம் குறையும்போது அது கைகொடுக்கும். பார்ப்பவருக்கு நெருக்கியதே தெரியாது.

வெட்டுவதிலும் தரமான வெட்டு, மோசமான வெட்டு உண்டு. மூன்று புள்ளி வைத்துச் சொல்லை முடிக்கும் இடம் மூன்று: தலை, நடு, வால். செய்தித் தலைப்புக்கு வால் போகலாம். முதல் நாலு சொல்லிலேயே சேதி புரிந்துவிடும். கோப்பின் பெயருக்கு நடுவில் வெட்டுவதே அழகு. தொடக்கமும், பிடிஎஃப்பா படமா என்று சொல்லும் கடைசிப் பகுதியும் தப்பிக்கும். மேக் கணினியின் கோப்புப் பட்டியல் இதைத்தான் செய்கிறது. எண்களுக்கு எந்த வெட்டும் ஆகாது. ‘ரூ. 1,25,000’ என்பதை ‘ரூ. 1,25…’ என்று காட்டும் லேபிள் அரைகுறையாகச் சொல்லவில்லை, பொய் சொல்கிறது. பணத்தைக் காட்டும் இடத்தில் எழுத்து சுருங்கட்டும், வரி மடியட்டும், பக்கத்திலுள்ள படம் காணாமல் போகட்டும். ஓர் இலக்கம்கூடக் குறையக்கூடாது.

இந்த வெட்டு எவ்வளவு சிக்கலான வேலை என்பது மே 2015-ல் உலகத்துக்கே தெரிந்தது. அரபு எழுத்துகள் கலந்த ஒரு குறிப்பிட்ட செய்தி வந்தால் ஐபோன் அணைந்து மறுபடி எழுந்தது. வைரஸ் எதுவும் இல்லை. அறிவிப்புப் பட்டையில் அந்த வரியைச் சுருக்கிக் காட்ட எங்கே வெட்டுவது என்று கணக்கிடும்போது கணினியின் கணக்கு குழம்பிப்போனதுதான் காரணம். ஒரு மூன்று புள்ளி வைக்கத் தெரியாமல் ஒரு போனே சாய்ந்தது.

தமிழுக்கும் இந்தக் கணக்கில் தனிச் சிக்கல் உண்டு. வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டாவைத் தமிழில் எண்ணினால் 16 எழுத்து. யூனிகோடு முறையில் அது 27 குறியீடுகள். உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. ஜாவா மொழியில் நீளம் கேட்டால் 27 என்கிறது. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி, வாசிப்பவர் எண்ணுவதுபோலவே 16 என்கிறது. விவரம் தெரியாமல் ஒன்பதாவது குறியீட்டில் வெட்டினால் ‘நரசி’ ‘நரச’ ஆகிவிடும். பதினோராவதில் வெட்டினால் புள்ளி போய் ‘ம்’ ‘ம’ ஆகும். தலைப்பக்கம் வெட்டினாலோ, துணையிழந்த உயிர்க்குறி ஒரு புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பார்த்திருப்பீர்கள்.

அகலத்தைவிட உயரம் இன்னும் பெரிய வழக்கு. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டியில் ‘மீட்பு’, ‘முன்பதிவு’ போன்ற சொற்கள் வந்து உட்காரும்போது, மேலே ஈகாரச் சுழியும் புள்ளியும் இடம் கேட்கும். கீழே உகரக் கால் இடம் கேட்கும். கூகுள் இதற்கு முதலில் கண்ட வழி, எழுத்தையே குள்ளமாக்குவது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவுக்கு, செயலிகளின் பட்டைகளில் அடங்குவதற்கென்றே உயரம் அடக்கிய தம்பி ஒன்று இருந்தது. எழுத்துக்கு உரிய முழு உயரமும் வேண்டுமென்றால், 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதல், நிரலாளர் தனியாகக் கேட்டு வாங்கலாம். கேட்டவர்கள் குறைவு. 2024-ல் ஆண்ட்ராய்டு 15 இதைத் திருப்பிப் போட்டது: அந்தப் பதிப்புக்கென எழுதப்படும் செயலிகளில் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, குஜராத்தி, ஒடியா, அரபு, தாய், லாவோ, பர்மிய எழுத்துகளுக்கு முழு உயரம் இயல்பாகவே கிடைக்கும். பத்தாண்டுகளாகக் கேட்டால் மட்டும் கிடைத்த நியாயம், கேட்காமலே கிடைக்கத் தொடங்கியது. எழுத்து பெட்டிக்காகக் குனிந்த காலம் போய், பெட்டி எழுத்துக்காக நிமிர்ந்தது. இந்தத் துறையில் நான் கொண்டாடும் மாற்றங்களில் இதற்கே முதலிடம்.

தமிழுக்குள்ள ஒரு வரத்தையும் சொல்லவேண்டும். நம் வினையடிகள் அப்படியே ஏவலாக நிற்கும்: தேடு, திற, மூடு, அனுப்பு, நீக்கு. இரண்டு முதல் நான்கு எழுத்துக்குள் காரியம் முடிந்துவிடும். பட்டனுக்கென்றே பிறந்த சொற்கள். ‘நீக்குவதற்கு இங்கே அழுத்தவும்’ என்று நீட்டி எழுதிவிட்டு, இடமில்லை என்று எழுத்தைச் சுருக்குகிறவர்கள் வீட்டில் அரிசியை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறார்கள்.

இத்தனையும் சரியாக அமைந்த பிறகு வருகிறது உண்மையான சோதனை. நாற்பதைத் தாண்டியவர் அமைப்புகளுக்குப் போய் எழுத்தைப் பெரிதாக்குகிறார். ஐபோனில் 2013 முதல் இருக்கும் டைனமிக் டைப் வசதியில் இப்போது 12 படிகள். வழக்கமான உரை 17 பாயின்ட்; உச்சப் படியில் அது 53. மூன்று மடங்குக்கும் மேல். பெரிய தலைப்போ 34-லிருந்து 60-க்குத்தான் போகிறது, இரு மடங்குகூட இல்லை. இந்த ஏற்றத்தாழ்வில்தான் அறிவு இருக்கிறது: ஏற்கெனவே பெரிதாக உள்ளதை ஏன் மேலும் ஊதவேண்டும்? சிறியதற்குத்தான் உதவி தேவை. 2023-ல் வந்த ஆண்ட்ராய்டு 14-ம் இதே வழிக்கு வந்தது. எழுத்தை 200 விழுக்காடு வரை பெருக்கவிட்டு, சிறியதை அதிகமாகவும் பெரியதைக் குறைவாகவும் வளர்க்கிறது. இணைய அணுகல் வழிகாட்டிகளும், எழுத்து 200 விழுக்காடு வரை வளர்ந்தாலும் உள்ளடக்கம் எதுவும் தொலையக்கூடாது என்றே கேட்கின்றன.

வளரவே முடியாத இடங்களும் உண்டு. ஐபோன் திரையின் அடியிலுள்ள பட்டையில் சின்னங்களுக்குக் கீழே நிற்கும் சொற்கள் 10 பாயின்ட்டிலேயே இருக்கும். ஐந்து சின்னங்கள் தோளோடு தோள் உரசும் இடம் அது. அதற்கும் 2017-ல் ஒரு வழி கண்டார்கள். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர் அந்தச் சின்னத்தின்மேல் விரலை வைத்துச் சற்று நேரம் அழுத்தினால், சின்னமும் சொல்லும் திரை நடுவே பெரிதாக வந்து நிற்கும். பட்டை குலையவில்லை, படிப்பவரும் கைவிடப்படவில்லை. இடமில்லை என்று கைவிரிக்காமல் வேறிடத்தில் இடம் பண்ணிக்கொடுத்தார்களே, அதைத்தான் நான் நயம் என்பேன்.

உங்கள் போனிலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். அமைப்புகளில் எழுத்தின் அளவைக் கடைசிப் படிக்கு ஏற்றிவிட்டு, தினம் திறக்கும் செயலிகளை ஒவ்வொன்றாகத் திறவுங்கள். எந்தெந்தப் பெட்டிகள் எழுத்துக்காக வளைந்துகொடுத்திருக்கின்றன, எங்கெங்கே எழுத்து பெட்டிக்காகப் பலியாகியிருக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வளைந்துகொடுத்த பெட்டியைச் செய்தவருக்கு மனசுக்குள் ஒரு சபாஷ் போடுங்கள். பலி கொடுத்தவருக்கு, அந்தச் செயலியின் கருத்துப் பெட்டியில் நாலு வரி எழுதிப் போடுங்கள். அந்தப் பெட்டியிலாவது இடம் தாராளமாக இருக்கும்.