அந்த 26 எங்கிருந்து வந்தது?

52-இலிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 26 என்று எழுதுவார்கள். தொடக்கப்பள்ளியில் பாடம் எடுத்த எவரும் இந்த 26-ஐப் பார்த்திருப்பார். ஒன்றின் இடத்தில் 2-இலிருந்து 8 போகாது. அதனால் பிள்ளை 8-இலிருந்து 2-ஐக் கழித்து 6 என்று போட்டுவிடுகிறது. பத்தின் இடத்தில் 5-இல் 3 போக 2. அடுத்த வரிசையில் ஒருத்தி 24 என்று எழுதியிருப்பாள். கடன் வாங்கத் தெரிந்திருக்கிறது. கடன் கொடுத்த இடத்தில் ஒன்று குறைவதை மறந்துவிட்டாள். இன்னொருவன் 90 எழுதியிருப்பான். கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டான். மூன்றும் தவறுதான். ஆனால் மூவருக்கும் மறுபடி சொல்லித்தர வேண்டியது வெவ்வேறு.

வகுப்பறைக்குள் வரும் எந்தத் தொழில்நுட்பத்தையும் எடைபோட இந்த மூன்று விடைகள் போதும் என்பது என் எண்ணம். மாணவர்களைக் கண்காணிக்கவும் அவர்களுக்குக் கைகொடுக்கவும் உதவும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் இந்தக் கருவிகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுவருகிறார்கள். முதல் வேலை நடந்துவிட்டால் இரண்டாவது தானாக நடக்கும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா என்பதே இங்கே கேள்வி.

பிள்ளையைப் பள்ளியில் விட்டுப்போகும் தாய், “கொஞ்சம் கவனிச்சுக்கோங்க டீச்சர்” என்பாள். கண்காணியுங்கள் என்று சொல்லமாட்டாள். கண்காணி என்ற சொல்தான் இலங்கை, மலேயாத் தோட்டங்களில் கங்காணி ஆனது. ஆள் எண்ணி, வேலை வாங்கி, துரைக்குக் கணக்குச் சொன்னவர் அவர். கங்காணியின் கணக்கு மேலே போகும். கவனிப்பவர் கண்டறிந்தது அந்தப் பிள்ளைக்கே திரும்பி வரும். இந்த வேறுபாட்டை அளவுகோலாக வைத்து மூன்று வகைக் கருவிகளைப் பார்க்கலாம்.

முதல் வகை, பிள்ளையின் உடலையும் முகத்தையும் பார்ப்பது. சீனாவின் ஹாங்சோ நகரப் பள்ளி ஒன்றில் 2018-இல் வகுப்புக்குள் கேமராக்கள் வைத்தார்கள். அவை 30 நொடிக்கு ஒருமுறை மாணவர்களின் முகங்களைப் படித்து, கவனிக்கிறார்களா, சோர்ந்திருக்கிறார்களா என்று வகைப்படுத்தின. சுவீடனின் ஷெலெஃப்டியோ நகரில் நோக்கம் எளிமையானது: வருகைப் பதிவுக்கு ஆகும் நேரத்தை மிச்சப்படுத்த 22 மாணவர்களின் முகங்களை அடையாளம் காணும் சோதனை. பெற்றோரின் சம்மதம் பெற்றிருந்தும், 2019-இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2 லட்சம் குரோனர் அபராதம் விதித்தது. பள்ளியை நம்பியிருக்கும் மாணவர் தரும் சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது என்பது அதன் வாதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் பள்ளிகளில் உணர்ச்சிகளை ஊகிக்கும் கருவிகளுக்கு 2025 பிப்ரவரி முதல் தடை போட்டிருக்கிறது. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு.

தனியுரிமை ஒருபுறம் இருக்கட்டும். கற்பித்தலின் பக்கமிருந்து பார்த்தாலும் இந்த வகை தேறவில்லை. 26 எழுதும் பிள்ளை கரும்பலகையைப் பார்த்து, முதுகு நிமிர்த்தி, முழுக் கவனத்தோடுதான் எழுதுகிறது. முகத்தில் தவறு தெரியாது. நோட்டில்தான் தெரியும்.

இரண்டாம் வகை, மதிப்பெண்களைத் திரட்டி ஆசிரியர் முன் வைப்பது. தேர்வு நடத்து, பலவீனத்தைக் கண்டுபிடி, ஆசிரியரிடம் சொல், அவர் திருத்திக்கொள்வார் என்பது இதன் தர்க்கம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆந்திரப் பிரதேசத்தில் பொருளியல் ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 100 கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர்களைச் சோதித்து, எந்தப் பிள்ளை எதில் தடுமாறுகிறது என்ற விரிவான அறிக்கையை ஆசிரியர்களுக்குக் கொடுத்தார்கள். அவ்வப்போது ஆட்கள் வகுப்புக்குச் சென்று பார்த்தும் வந்தார்கள். 2010-இல் வெளியான முடிவு தெளிவானது: பார்க்க ஆள் வந்தபோது ஆசிரியர்கள் கூடுதல் முனைப்போடு பாடம் நடத்தினார்கள், ஆனால் ஆண்டு முடிவில் அந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக எதையும் கற்றிருக்கவில்லை.

இதை வைத்து ஆசிரியர்கள் மீது பழி போடுவது எளிது, நியாயமாகாது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் கழித்தல் வரவில்லை என்று அறிக்கை சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியர் கையில் இருப்பது நான்காம் வகுப்புப் பாடநூல், தலைக்கு மேல் இருப்பது பாடத்தை முடிக்க வேண்டிய கெடு. நோய் இன்னதென்று சீட்டு வந்தது, மருந்து வரவில்லை.

தமிழ்நாட்டின் எண்ணும் எழுத்தும் திட்டத்தையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய இத்திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நிலைக்கும் தனிப் பயிற்சி தருகிறது. மதிப்பீடு செயலியில் நடக்கிறது. ஆந்திரச் சோதனையில் இல்லாத மருந்து இங்கே இருக்கிறது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் பள்ளி விவரங்களைத் திரட்டும் எமிஸ் என்ற அரசுத் தளத்தில் பதிவேற்றும் வேலையிலிருந்து விடுவியுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் திரும்பத் திரும்பக் கேட்டுவருவதையும் ஒதுக்கிவிட முடியாது. பல ஊர்களில் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கிறார்கள். பதிவேற்றத்தில் கழியும் ஒவ்வொரு அரைமணி நேரமும் ஏதோ ஒரு வகுப்பிலிருந்து எடுக்கப்பட்டதுதான்.

மூன்றாம் வகையில் கருவி தவறைக் காண்பதும் அதற்கு வேண்டியதைச் செய்வதும் அடுத்தடுத்து நடக்கின்றன. அகமதாபாத்தின் எஜுகேஷனல் இனிஷியேட்டிவ்ஸ் உருவாக்கிய மைண்ட்ஸ்பார்க் மென்பொருள், பிள்ளை எந்த வகுப்பில் இருந்தாலும் அது உண்மையில் நிற்கும் இடத்திலிருந்து கேள்வி கேட்கிறது; செய்யும் தவறின் வகையைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தருகிறது. டெல்லியில் 619 மாணவர்களிடையே குலுக்கல் முறையில் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. அங்கே ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தார்கள். குலுக்கலில் வாய்ப்புக் கிடைத்தவர்கள் நாலரை மாதத்தில் கணக்கில் 0.37 திட்டவிலக்கம், இந்தியில் 0.23 திட்டவிலக்கம் கூடுதலாக முன்னேறினார்கள். கணக்கில் நூறு பேரில் நடுவில் நிற்பவர் 36-ஆம் இடத்துக்கு ஏறுவதற்கு ஏறக்குறைய சமம் இது. வாய்ப்புக் கிடைக்காதவர்களில் கடைசி மூன்றில் ஒரு பங்கினர் அதே மாதங்களில் வழக்கமான பள்ளிப் பாடத்தால் முன்னேறவே இல்லை எனலாம். இந்தச் செய்திதான் என்னை மிகவும் வருத்துகிறது.

இந்த ஆய்வுக்கும் எல்லை உண்டு. பள்ளி நேரத்துக்குப் பிறகு, தனி மையங்களில், 45 நிமிடம் கணினியிலும் 45 நிமிடம் சிறு குழுவாக உதவியாளரிடமும் பிள்ளைகள் படித்தார்கள். எது எவ்வளவு உதவியது என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. பள்ளியின் சொந்தக் கணக்குத் தேர்விலும் பெரிய மாற்றம் தெரியவில்லை. பிள்ளைகள் கற்றது கீழ்வகுப்புக் கணக்கு, தேர்வு கேட்டது மேல்வகுப்புக் கணக்கு. டேஷ்போர்டில் பள்ளித் தேர்வு மதிப்பெண் மட்டும் இருந்திருந்தால், ஏறிவந்த பிள்ளை ஏறியதே தெரிந்திருக்காது.

விலை குறைந்த கருவியும் இந்த வேலையைச் செய்யும். பிளிக்கர்ஸ் என்ற முறையில் பிள்ளைகள் கையில் காகித அட்டை மட்டும்தான். எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார்களோ அது விடை. ஒவ்வோர் அட்டையின் கோலமும் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பிடிக்க முடியாது. ஆசிரியர் தன் கைபேசியை வகுப்பின் குறுக்கே ஒருமுறை ஓட்டினால் யார் எதைச் சொன்னார்கள் என்று தெரிந்துவிடும். 14, 24, 26, 90 என்று நான்கு விடைகளையும் யோசித்துக் கொடுத்திருந்தால், மணி அடிப்பதற்குள் 26 பிடித்தவர்களை மட்டும் அழைத்து, குச்சிக்கட்டைப் பிரித்துக் காட்டிவிடலாம். இதில் முக்கால் பங்கு புத்தி ஆசிரியருடையது. கேமராவுக்குத் தெரிவது அட்டையின் திசை மட்டுமே.

நமக்கு இது புதிதும் இல்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, 2007–08-இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் சுவரில் ஓர் ஏணிப்படி தொங்கியது. எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்து எந்த அட்டையை எடுக்க வேண்டும் என்று பிள்ளையே பார்த்துக்கொண்டது. முன்னேற்றத்தின் பதிவு பிள்ளையின் கண்முன்னேயே இருந்தது.

“நல்ல ஆசிரியருக்கு இதெல்லாம் எதற்கு?” என்று கேட்கலாம். நோட்டைப் பார்த்ததும் 26-இன் கதையைச் சொல்லிவிடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் நாற்பது நோட்டு, மூன்று பாடம், ஒவ்வொரு நாளும் என்று பெருக்கிப் பாருங்கள். அவரால் முடியாமல் போவதற்குக் காரணம் நேரமே. அந்த நேரத்தை மீட்டுத் தரும் கருவியை மறுப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

ஆகவே என் முடிவு இது. முகத்தையும் உடலையும் பார்க்கும் கருவிகள் பள்ளிக்குள் வரவே கூடாது. மதிப்பெண் திரட்டும் தளங்கள், திரட்டியதற்கு ஏற்ற பாடமும் அதை நடத்த நேரமும் சேர்ந்து வந்தால் மட்டும் வரலாம்; மேலிடத்துக்கு அனுப்ப மட்டும் பயன்படும் பதிவுகளை ஆசிரியர் தலையிலிருந்து இறக்க வேண்டும். தவறின் காரணத்தைக் காட்டி, அன்றே திருத்த வழிசெய்யும் கருவிகளுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

கருவி வாங்கும் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளக்கிக் காட்ட வருபவரிடம் 52 − 38 என்ற கணக்கைக் கொடுத்து, விடையாக 26 என்று பதியச் சொல்லுங்கள். பிறகு ஆசிரியரின் திரையைக் காட்டச் சொல்லுங்கள். சிவப்புப் பெருக்கல் குறி மட்டும் தெரிந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். “இந்தப் பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிப்பதை மறுபடி காட்டுங்கள்” என்று திரை சொன்னால், விலையைப் பேசத் தொடங்கலாம்.