பித்தன், புதுமை

சில மாதங்களுக்கு முன் ஒரு முதுகலை மாணவர் தம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் என்னிடம் பார்க்கக் கொடுத்தார். நூற்றுச் சொச்சம் பக்கம், பின்னால் ஆறு பக்கத்துக்குத் துணைநூற்பட்டியல். ஆய்வேடுகளைப் பின்னாலிருந்து படிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. பகர வரிசையில் ‘பித்தன், புதுமை’ என்று ஒரு ஆசிரியர் இருந்தார். சிரித்துவிட்டு மேலே போயிருக்கலாம். ஆனால் அந்த மாணவர் புதுமைப்பித்தனைப் படித்தவர்தான். உள்ளே இரண்டு மூன்று இடங்களில் அவருக்கே சொந்தமான பார்வை துலங்கியது. பட்டியலைச் செய்தது ஒரு மென்பொருள். அது குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் முதற்பெயருக்கு ஒரு கட்டமும் காட்டுகிறது. இரண்டையும் நிரப்பியாக வேண்டும் என்று நினைத்த பையன், சொ. விருத்தாசலத்தின் புனைபெயரை இரண்டாக உடைத்துவிட்டார்.

தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஊரும் தகப்பன் பெயரும் தலையெழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கும். தன் பெயர் கடைசியில் வரும். உலகத்துக்கே நூலக சாஸ்திரம் சொல்லிக்கொடுத்த எஸ்.ஆர். ரங்கநாதனின் எஸ் சீர்காழி, ஆர் தகப்பனார் ராமாமிர்தம். ‘ரங்கநாதன், எஸ்.ஆர்.’ என்று வெள்ளைக்காரன் எழுதும்போது அது சரியாக அமைவது தற்செயல். குடும்பப் பெயர் என்று நினைத்து அவன் எடுத்தது ஆளின் சொந்தப் பெயரை. ஸோட்டீரோ என்ற இலவச மென்பொருளில் (ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் பிறந்தது) பெயரை ஒரே கட்டத்தில் எழுதிக்கொள்ள ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. பிப்டெக்ஸில் பெயரை இரட்டை அடைப்புக்குள் போட்டால் அது உடையாது. இதைச் சொல்லித்தர ஐந்து நிமிஷம் போதும். நம் துறைகளில் அதற்கு ஆள் இல்லை.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன? சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் தன் நடைக் கையேட்டை 1906இல் வெளியிட்டது. ஏ.பி.ஏ. முறையின் மூலம், 1929இல் ஒரு உளவியல் பத்திரிகையில் வந்த ஏழு பக்கக் கட்டுரை. அச்சகத்துக்கும் பத்திராதிபருக்கும் வேலை சுலபமாக வேண்டும் என்று ஏற்பட்ட சௌகரியங்கள் இவை. நம்மிடம் வந்து சேரும்போது சாஸ்திரமாகிவிட்டன. அரைப்புள்ளி விழவேண்டிய இடத்தில் காற்புள்ளி விழுந்தால் மதிப்பெண் போகிறது. படிக்காத புத்தகம் பட்டியலில் ஏறினால் ஒன்றும் போவதில்லை.

ஆண்டு விஷயம் இன்னும் மோசம். அதே ஆய்வேட்டில் ‘(புதுமைப்பித்தன், 2000)’ என்று இருந்தது. 1948இல் செத்துப்போன மனுஷன் 2000இல் எழுதுகிறார். ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து காலச்சுவடு வெளியிட்ட தொகுப்பின் ஆண்டு அது. எந்தக் கதை எந்தப் பத்திரிகையில் எப்போது வந்தது என்று அந்தப் பதிப்பே சிரத்தையாகக் குறிப்பிடுகிறது. அதை எடுத்து எழுத யாருக்கும் தோன்றவில்லை. ‘பொன்னகரம்’ 1934 மணிக்கொடிக் கதை. மணிக்கொடிக்காரர்களோடு, அந்தக் காலத்தோடு அதை வைத்துப் பேசவேண்டிய விமர்சனம், எல்லாக் கதைகளுக்கும் 2000 என்று முத்திரை குத்தியதும் காலத்தையே இழந்துவிடுகிறது. முதல் ஆண்டு, சாய்கோடு, பதிப்பு ஆண்டு என்று எழுத ஏ.பி.ஏ. முறையே இடம் தருகிறது: 1934/2000. எம்.எல்.ஏ. 2016இல் கொண்டுவந்த கொள்கலன் என்ற யோசனையும் நமக்குப் பொருந்தும். கதை பத்திரிகைக்குள் இருக்கிறது, பிறகு தொகுப்புக்குள், இன்று இணையத்தில் ஒரு சேகரத்துக்குள். ஒவ்வொரு உறையையும் சொல்லிக்கொண்டு போகலாம். சிறுபத்திரிகைகளிலேயே வாழ்ந்து முடிந்த ஒரு இலக்கியத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். வெகு நாட்களுக்கு முன் ஒரு கட்டுரையில் ‘எழுத்து’ பத்திரிகையிலிருந்து ஒரு பகுதியை மேற்கோள் காட்டினேன். இதழ் எண், பக்கம் எல்லாம் கொடுத்தேன். அந்த இதழை நான் கண்ணால் கண்டதில்லை. வேறொருவர் புத்தகத்திலிருந்து மேற்கோளையும் அடிக்குறிப்பையும் சேர்த்தே தூக்கியது. பல வருஷம் கழித்து ஒரு நூலகத்தில் அந்த இதழைப் புரட்டினால் அந்தப் பகுதி அதில் இல்லை. வேறு இதழில் இருந்தது. நடுவில் இரண்டு வாக்கியங்கள் விடுபட்டிருந்தன. அவற்றோடு சேர்த்துப் படித்தால் நான் எதற்குச் சாட்சியாக நிறுத்தினேனோ அதற்கு நேரெதிராகப் பேசுகிறது. ‘இன்னார் நூலில் எடுத்தாண்டபடி’ என்று மூன்று சொல் சேர்த்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும். படித்தவன் என்ற தோரணை வேண்டியிருந்தது, சேர்க்கவில்லை.

கருவி இந்தத் தோரணையை மலிவாக்கிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனையில்லை. ஆகவே மாணவர் கவலையெல்லாம் அந்த எண்ணைப் பற்றியது. அடுத்தவன் யோசனையைத் தன் வார்த்தையில் மாற்றி எழுதினால் எண் இறங்கிவிடுகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு. கேட்டால் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பக்கம் என்று அச்சாக ஒரு பட்டியல் தரும். அதில் சில புத்தகங்கள் உலகத்தில் எங்கும் இருக்காது. 2023 ஜூனில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், இப்படிப் பிறந்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. நம் ஆய்வேடுகளில் யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? இந்த விஷயத்தில் யந்திரம் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நாம் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை வேகமாகச் செய்கிறது.

உ.வே. சாமிநாதையர் எந்தக் கையேட்டையும் வைத்துக்கொண்டு 1894இல் புறநானூற்றைப் பதிப்பிக்கவில்லை. எந்த ஊரில் யாரிடமிருந்து ஏடு கிடைத்தது என்று தம் பதிப்புகளில் எழுதினார். பழைய உரைகாரர்கள் பெயர் சொல்லாமல் எடுத்தாண்ட வரிகளுக்கெல்லாம் மூலம் தேடினார். கிடைக்காதவற்றை மறைக்காமல் ‘விளங்கா மேற்கோள்’ என்று தனியே பட்டியலிட்டார். அவருடைய பதிப்புகளில் நான் அதிகம் மரியாதை வைத்திருக்கும் பக்கங்கள் இவைதான்.

ஏட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, இந்த ஆறு பக்கத்தில் நீங்கள் பார்க்காத புத்தகம் எத்தனை என்று கேட்டேன். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பென்சில் வாங்கி ஒவ்வொன்றாகக் குறியிட்டார். பதினொன்று.

“எடுத்துடலாம் சார். ஆனா ஐம்பதுக்குக் கீழே போயிடும். டிபார்ட்மெண்ட்ல குறைஞ்சது ஐம்பது வேணுங்கறாங்க.”

புதுமைப்பித்தனை மட்டும் அங்கேயே உட்கார்ந்து ஒட்டிச் சேர்த்தார்.